ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ்: காசு கொடுத்துப் பயப்படப் போகிறவர்களுக்கு

செந்தோசா தீவில் இருக்கும் யூனிவர்சல் ஸ்டூடியோஸ் சிங்கப்பூரில் செப்டம்பர் கடைசியில் தொடங்கி நவம்பர் முதல் வாரம் வரை, குறிப்பிட்ட சில இரவுகளில் மட்டும், ஹாலோவீன் ஹாரர் நைட்ஸ் நடக்கும். பேய் வீடுகள், புகை, ரம்பச் சத்தம், ரத்தச் சாயம் பூசிய முகங்கள். "போகலாமா, கொடுக்கிற காசுக்குத் தகுமா?" என்று அக்டோபர் பிறந்தால் எனக்கு நாலு பேராவது மெசேஜ் போடுகிறார்கள். தீபாவளியையொட்டி ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் பாதி, இங்கே புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பாதி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. அதனால் இது.

நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை செய்யக்கூடாததை எல்லாம் வரிசையாகச் செய்தேன். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை, இரவு எட்டரை மணிக்கு, மனைவி, மனைவியின் தம்பி, தங்கை, பக்கத்து புளோக் நண்பர் என்று ஐந்து பேர். இரண்டே இரண்டு வீடுகள் பார்த்தோம். மற்ற நேரமெல்லாம் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்தோம். இரண்டாம் முறை நிகழ்ச்சி தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒரு வியாழக்கிழமை போனேன். எல்லா வீடும் பார்த்து, பிடித்த ஒன்றை இன்னொரு முறையும் பார்த்துவிட்டு, கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடித்து வீடு வந்து சேர்ந்தேன்.

ஆகவே என் பதில்: கூட்டம் குறைந்த இரவில், சீக்கிரம் போய், அலறத் தயங்காத ஆட்களோடு போனால் காசுக்குத் தகும். அக்டோபர் கடைசி வார இறுதியில் வெறும் சாதா டிக்கெட்டோடு போவதாக இருந்தால் வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு வாரம் முழுக்க நல்ல மீன்தலைக் கறி சாப்பிடலாம்.

1. முதலில் ஆட்களைப் பாருங்கள்

இது பகலில் போகிற யூனிவர்சல் இல்லை. மினியன், ஷ்ரெக் என்று குழந்தைகள் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிற இடம் இரவில் வேறு ஆளாக மாறிவிடும். சிறுபிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று பார்க்கே எச்சரிக்கை போடுகிறது. "எங்க பையன் தைரியசாலி, பேய்ப் படமெல்லாம் பார்ப்பான்" என்று சொல்லிக்கொண்டு ஏழு வயதுப் பிள்ளையை இழுத்து வராதீர்கள். படத்தில் பேய் திரைக்குள் இருக்கிறது. இங்கே காதருகே மூச்சுவிடுகிறது.

கர்ப்பிணிகள், இதய நோய் உள்ளவர்கள், வலிப்பு வருகிறவர்கள் கண்டிப்பாக வேண்டாம். வீடுகளுக்குள் விட்டுவிட்டு மின்னுகிற வெளிச்சம், அடர்ந்த புகை, திடீர் இடிச் சத்தம் எல்லாம் உண்டு. ஆஸ்துமாக்காரர்களும் யோசித்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கு ஒரே ஒரு நாள் ஒதுக்கி வந்திருக்கிறீர்கள், கூடவே பெரியவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்றால் பகல் டிக்கெட் வாங்குங்கள். விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

யார் போகலாம்? கல்லூரிப் பிள்ளைகள், புதுத் தம்பதிகள், அலுவலக நண்பர்கள். ஒருவரை ஒருவர் மாட்டிவிட்டுச் சிரிக்கிற கூட்டமாக இருக்க வேண்டும். "இதெல்லாம் மேக்கப்தானே" என்று கையைக் கட்டிக்கொண்டு நடக்கும் ஒரு ஆள் போதும், நாலு பேர் காசும் வீண்.

2. எந்த இரவு என்பதுதான் பாதி விஷயம்

டிக்கெட் வாங்குவதற்கு முன் காலண்டரைத் திறந்து வையுங்கள். நிகழ்ச்சி தினமும் கிடையாது. வெள்ளி, சனி நிச்சயம். அவற்றோடு சில வியாழன், ஞாயிறு, பொது விடுமுறைக்கு முந்தின இரவு என்று சேர்ப்பார்கள். அந்தந்த ஆண்டின் அட்டவணையை, பார்க்கை நடத்தும் ரிசார்ட்ஸ் வேர்ல்ட் செந்தோசாவின் இணையதளத்தில் மட்டும் பாருங்கள்.

கூட்டம் எப்படி ஏறும் தெரியுமா? முதல் வாரம் ஓரளவு காலி. பார்த்தவர்கள் படம் போட, பார்க்காதவர்கள் துடிக்க, அக்டோபர் நடுவில் நெருக்கடி கூடும். கடைசி வாரம் தைப்பூசக் கூட்டம்தான். ஹாலோவீன் நாளான அக்டோபர் 31ஆம் தேதியன்றே போக வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தீபாவளி அக்டோபரில் வந்தால் இன்னொரு சிக்கல்: இங்கே அது பொது விடுமுறை, அதற்கு முந்தின இரவு ஊரே வெளியே கிளம்பும். அந்த இரவைத் தேக்காவுக்கு, அதாவது லிட்டில் இந்தியாவுக்கு, ஒதுக்குங்கள். சிராங்கூன் ரோட்டில் விளக்கலங்காரம் பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பலர் விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிட்டு, கிடைக்கிற இரவை அப்புறம் தேடுகிறார்கள். ஹாரர் நைட்ஸுக்காகவே வருவதாக இருந்தால் தலைகீழாகச் செய்யுங்கள். முதல் இரண்டு வாரத்தில் ஒரு வியாழனோ ஞாயிறோ இருக்கிறதா என்று பார்த்து, அதை நடுவில் வைத்துப் பயணத்தைப் போடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நிறைய பேர் விழுகிறார்கள். ஹாரர் நைட்ஸ் நடக்கும் நாளில் பகல் பார்க் வழக்கத்தைவிடச் சீக்கிரமாக மூடிவிடும். காலையில் பகல் டிக்கெட், மாலையில் அதே டிக்கெட்டோடு பேய் வீடு என்று கணக்குப் போடாதீர்கள். இது தனி டிக்கெட். பகலில் வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டுத்தான் இரவுக்காரர்களை உள்ளே விடுவார்கள். பகல் பார்க் மட்டும் பார்க்க நினைப்பவர்களும், அக்டோபரில் அந்த நாள் ஹாரர் நைட்ஸ் இல்லாத நாளா என்று பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் முழுக் காசுக்கு முக்கால் நாள்தான்.

3. டிக்கெட்: எங்கே, எப்போது, எவ்வளவு

அண்மை ஆண்டுகளில் சாதா டிக்கெட் ஏறத்தாழ 80 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலரை இங்கே வெள்ளி என்போம்) தொடங்குகிறது. கூட்ட இரவுகளில் அதற்கு மேல் போகும். ஒரு வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் ஒரு தலைக்கு 5,200 ரூபாய், அதுவும் வாசலைத் தாண்டுவதற்கு மட்டும். சில வங்கி அட்டைகளுக்குத் தள்ளுபடி வரும். முதல் சில வாரம் முன்பதிவுச் சலுகையும் வரும். ஆகஸ்ட் கடைசியிலிருந்தே கண் வைத்திருங்கள்.

டிக்கெட்டில் தேதி இருக்கும். அந்தத் தேதிக்கு மட்டும்தான் செல்லும். வாங்கியபின் மாற்றவும் முடியாது, பணம் திரும்பவும் வராது என்று நினைத்துக்கொண்டே பட்டனை அமுக்குங்கள். அதனால் ஊரிலிருந்து வருகிறவர்கள் விசா கைக்கு வராமல் வாங்காதீர்கள்.

எங்கே வாங்குவது? பார்க்கின் சொந்த இணையதளம், அல்லது க்ளூக் மாதிரி எல்லோருக்கும் தெரிந்த பயணத் தளம். இந்த இரண்டைத் தவிர வேறு எங்கும் வேண்டாம். முதல் முறை எங்கள் ஐந்து டிக்கெட்டில் மூன்றைத்தான் முறையாக வாங்கினேன். மற்ற இரண்டை, "வர முடியலை, குறைச்ச விலைக்குத் தர்றேன்" என்று ஒரு சாட் குழுவில் யாரோ போட்டதைப் பார்த்து, 130 வெள்ளி அனுப்பி வாங்கினேன். கியூஆர் கோடு படமாக வந்தது. வாசலில் மூன்று டிக்கெட்டுக்குப் பச்சை விளக்கு எரிந்தது, நாலாவதுக்குச் சிவப்பு. ஏற்கெனவே பயன்படுத்திய டிக்கெட் என்றார் வாசலில் நின்ற பெண், பொறுமையாகத்தான் சொன்னார். ஐந்தாவதும் அப்படியே. அந்த ஆளின் கணக்கு அதற்குள் காணாமல் போயிருந்தது. ஓரமாக நின்று போனிலேயே இரண்டு புது டிக்கெட் வாங்கியபோது என் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பேய் வீட்டுக்குப் போவதற்கு முன்பே எனக்குக் குலை நடுங்கியது அப்போதுதான்.

கியூஆர் கோடு என்பது வெறும் படம். அதை இருபது பேருக்கு அனுப்பலாம். முதலில் வாசலைத் தொடுகிறவருக்கு மட்டும் திறக்கும். இதை மறக்காதீர்கள்.

4. எக்ஸ்பிரஸ் பாஸ் வாங்கலாமா?

இதற்குத்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். எக்ஸ்பிரஸ் என்பது டிக்கெட் அல்ல, டிக்கெட்டுக்கு மேல் வாங்குவது. விலை டிக்கெட்டின் விலையளவுக்கோ அதற்கு மேலோ வரும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே ஒரு முறை குறுக்கு வரிசையில் போகலாம். இதற்கும் மேலே ஆர்.ஐ.பி. டூர் என்று ஒன்று உண்டு. கூடவே ஒரு வழிகாட்டி வந்து அழைத்துப் போவார். கம்பெனி காசு கொடுத்தால் அதைப் பற்றி யோசிக்கலாம்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். இரவு ஏழரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டுக்கு முடிகிறது என்றால் கையில் 270 நிமிடம். சில இரவுகளில் பன்னிரண்டுக்கு மேலும் நீளும், ஆனால் வண்டி கிடைப்பதை நினைத்தால் அந்த நேரத்தை நம்ப முடியாது. பேய் வீடுகள் நாலு அல்லது ஐந்து. ஒரு வீட்டை நடந்து முடிக்க நாலைந்து நிமிடம்தான். மிச்சமெல்லாம் வரிசை. கூட்ட இரவில் ஒரு வீட்டுக்கு 90 நிமிடம் என்று பலகையில் பார்ப்பது சாதாரணம். அப்படியானால் மூன்று வீட்டோடு இரவு முடிந்தது. தண்ணீர் குடிக்க, கழிப்பறை போகக்கூட நேரம் மிஞ்சாது. கூட்டமில்லாத வியாழனில் அதே வீட்டுக்கு முப்பது, நாற்பது நிமிடம். ஐந்தும் பார்க்கலாம்.

ஆக, கூட்டமில்லாத இரவுக்கு எக்ஸ்பிரஸ் வேண்டாம். கடைசி வாரம்தான் போக முடியும் என்ற கட்டாயம் இருந்தால் எக்ஸ்பிரஸோடு போங்கள், இல்லாவிட்டால் போகாதீர்கள். இடைப்பட்ட வெள்ளிக்கிழமைகள்தான் குழப்பம். எனக்கென்றால், இரண்டு பேருக்கு எக்ஸ்பிரஸ் வாங்குகிற காசில் மூன்றாவதாக ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு சீக்கிரம் போவேன். எக்ஸ்பிரஸும் எண்ணிக்கை வைத்துத்தான் விற்கிறார்கள், பிரபலமான இரவுகளில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். "அங்கே போய்ப் பார்த்துக்கலாம்" என்று விடாதீர்கள்.

5. ஊரிலிருந்து வருகிறவர்களுக்குக் காகித வேலை

இங்கேயே இருப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். சிங்கப்பூர் விசா கட்டணம் 30 வெள்ளி, விசா மறுக்கப்பட்டாலும் திரும்ப வராது. ஊரில் அங்கீகரிக்கப்பட்ட விசா ஏஜெண்ட் மூலமாகப் போடலாம். ஏஜெண்ட் தன் கூலியைத் தனியாக வாங்குவார். சொந்தக்காரர் யாராவது இங்கே குடிமகனாகவோ பிஆராகவோ (நிரந்தரவாசி) 21 வயதுக்கு மேல் இருந்தால், அவருடைய சிங்பாஸ் என்ற அரசு இணையக் கணக்கு வழியாக நேரடியாகவே விண்ணப்பிக்கலாம். தேவையானவை: 14ஏ படிவம், இங்கே இருப்பவர் கொடுக்கும் வி39ஏ அறிமுகக் கடிதம், வெள்ளைப் பின்னணியில் 35க்கு 45 மில்லிமீட்டர் புகைப்படம், ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட். இலங்கைப் பாஸ்போர்ட்டுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா தேவையில்லை.

விண்ணப்பம் மூன்று வேலை நாளில் முடியலாம் என்பார்கள். நான் மூன்று வாரம் வைத்துக்கொள்ளச் சொல்வேன். புகைப்படத்தில் நிழல் விழுந்தது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் ஒரு மாதிரி, படிவத்தில் வேறு மாதிரி என்று ஒவ்வொன்றுக்கும் ஓரிரு நாள் போகும். என் மைத்துனன் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்து எழுதாமல் விட்டதற்கே திரும்ப ஒரு முறை அனுப்ப வேண்டி வந்தது.

அடுத்து எஸ்ஜி அரைவல் கார்டு. வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். ஆனால் தேடினால் அதிகாரபூர்வத் தளம் மாதிரியே இருக்கும் பல தளங்கள் முன்னால் வந்து நிற்கும். கடைசிப் பக்கத்தில் கார்டு விவரம் கேட்கும். காசு கேட்டால் அது தப்பான தளம், மூடிவிடுங்கள். குடிநுழைவு ஆணையமான ஐசிஏவின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். விசா வேறு, அரைவல் கார்டு வேறு, இரண்டும் வேண்டும்.

6. என்ன போட்டுக்கொள்வது, என்ன எடுத்துப்போவது

மூடிய காலணி. இதில் பேச்சுக்கே இடமில்லை. இருட்டில் தரை எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று தெரியாது. பின்னால் வருகிறவர் பயத்தில் உங்கள் குதிகாலில் ஏறுவார். என் கொழுந்தி புது ஹீல்ஸ் போட்டுக்கொண்டு வந்தாள். பத்து மணிக்கு அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

இரவானாலும் வேர்க்கும். பருத்தித் துணி போதும். பேய் வேஷம், முகமூடி, முகப் பூச்சு எல்லாம் வேண்டாம்; வேஷம் போட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். யார் ஊழியர், யார் பார்வையாளர் என்று குழம்பக்கூடாது என்பதற்காக.

பை சின்னதாக, குறுக்காக மாட்டுவதாக இருக்கட்டும். தோள்பை, தோளில் தொங்கும் துப்பட்டா, நீளமான காதணி எல்லாம் வீட்டின் திரைகளில் மாட்டும். ரைடுகளுக்குப் போனால் பையை லாக்கரில் வைக்கச் சொல்வார்கள். குறிப்பிட்ட நேரம் வரை இலவசம், அதைத் தாண்டினால் காசு. தண்ணீர் பாட்டில் கொண்டுபோங்கள். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை, புளிச்சாதப் பொட்டலம் கட்டிக்கொண்டு வராதீர்கள்.

பவர்பேங்க் அவசியம். டிக்கெட், காத்திருப்பு நேரம், திரும்பி வர வண்டி எல்லாம் போனில்தான்.

7. சாப்பிட்டுவிட்டு, சீக்கிரம் போங்கள்

ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டியில் இறங்கினால் விவோசிட்டி என்ற கடைத்தொகுதி. வடகிழக்குப் பாதை, வட்டப் பாதை இரண்டும் அங்கே வரும். லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர்களுக்கு இது ஒரே ரயில், மாற வேண்டியதில்லை. பார்க்குக்குள் சாப்பாடு விலை கூடுதல், வரிசையும் நீளம். சைவக்காரர்களுக்குத் தேர்வும் குறைவு. அதனால் ஐந்து மணிக்கே விவோசிட்டியில் வயிற்றை நிரப்பிவிடுங்கள். அடித்தளத்தில் கோப்பித்தியாம், மூன்றாவது மாடியில் ஃபுட் ரிபப்ளிக். நல்ல தோசைதான் வேண்டும் என்றால் தேக்காவிலேயே சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம், ரைடும் ஏற வேண்டும்.

விவோசிட்டி மூன்றாம் மாடியிலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில். தீவுக்குள் போக 4 வெள்ளி, திரும்பி வர இலவசம். முதல் நிறுத்தத்தில் இறங்கினால் ரிசார்ட்ஸ் வேர்ல்ட். அந்த 4 வெள்ளியும் மிச்சம் வேண்டுமா? செந்தோசா போர்டுவாக் வழியாகக் கடல் மேல் நடந்து போகலாம், காசு கிடையாது, கால் மணி நேரத்துக்குள் வந்துவிடும். மாலையில் நல்ல காற்று. ஐந்து பேருக்கு 20 வெள்ளி என்பது ஐந்து சாப்பாடு இல்லையா?

சுழலும் உலக உருண்டை முன்னால் படம் எடுக்கும் வேலையை முதலிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது வாசல் வரிசையில் நின்றுவிட வேண்டும். அந்த ஒரு மணி நேரம் பிற்பாடு இரண்டு வீடாகத் திரும்பக் கிடைக்கும்.

8. உள்ளே நுழைந்ததும் எல்லோரும் போகிற பக்கம் போகாதீர்கள்

பார்க்கின் நடுவில் ஒரு குளம், அதைச் சுற்றி வட்டமாகப் பகுதிகள்: ஹாலிவுட், நியூயார்க், சை-ஃபை சிட்டி, பண்டைய எகிப்து என்று போய் ஃபார் ஃபார் அவே வரை. வாசலில் நுழைகிற கூட்டம் கண்ணில் படும் முதல் வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளும். நீங்கள் நிற்காமல் நடந்து, கடைசியில் இருக்கும் வீட்டிலிருந்து தொடங்குங்கள். பெரிய தொடர், பெரிய படம் பெயரில் இருக்கும் வீட்டுக்கு இரவு முழுக்கக் கூட்டம் இருக்கும். அதை முதலாவதாகப் பாருங்கள், அல்லது மூடுவதற்கு முக்கால் மணி நேரம் முன்பு வரிசையில் சேருங்கள்.

ஏழரையிலிருந்து ஒன்பது வரை வீடுகள் மட்டும். ஒன்பதிலிருந்து பத்தரை வரை வரிசைகள் உச்சத்தில் இருக்கும். அப்போது ஸ்கேர் ஸோன்கள், மேடை நிகழ்ச்சி, ரைடு. டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி மாதிரி சில ரைடுகள் வழக்கமாக ஓடும், பகலைவிட வரிசை குறைவு. மம்மி முழுக்க இருட்டுக்குள் பாய்கிற ரோலர் கோஸ்டர். பேய் வீட்டில் பயப்படாதவர்களை அதில் ஏற்றுங்கள். பத்தரைக்கு மேல் மிச்ச வீடுகள்.

ஸ்கேர் ஸோன் என்பது திறந்த தெரு, வரிசை கிடையாது. புகைக்குள் ஆட்கள் நடமாடுவார்கள், யார் பயந்தவர் என்று கண்ணாலேயே கண்டுபிடிப்பார்கள். தோழியின் முதுகுக்குப் பின் ஒளிகிறவர்தான் அவர்களுடைய இரை.

9. வீட்டுக்குள்

பேய் உங்களைத் தொடாது. நீங்களும் தொடக்கூடாது. இது எழுதப்பட்ட விதி, இதை மனதில் பதித்துக்கொண்டால் பாதிப் பயம் தெளியும். பயத்தில் கையை வீசுகிற பழக்கம் உள்ளவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நடங்கள். முகமூடிக்குள் இருப்பது ஓர் இரவுச் சம்பளத்துக்கு வேலை செய்கிற இளைஞன். அவன் மூக்கை உடைத்தால் உங்கள் இரவும் அங்கேயே முடியும். படம், வீடியோ, டார்ச் எதுவும் உள்ளே கூடாது.

பயமுறுத்தும் தொழில்நுட்பம் எளிமையானது, தெரிந்துகொண்டு போனாலும் வேலை செய்யும். ஒரு பக்கம் வெளிச்சத்தில் ஒரு பொம்மை இருக்கும். கண் தானாக அங்கே போகும். ஆள் வருவது எதிர்ப் பக்கத்திலிருந்து. சுவரில் மாட்டிய படச்சட்டம் சட்டென்று இறங்க, அதற்குள்ளிருந்து தலை வரும். மூன்று முறை இப்படி நடந்தபின் நான்காவது பொம்மையைப் பார்த்ததும் எதிர்ப் பக்கம் திரும்பி நிற்பீர்கள். அந்தப் பொம்மைதான் எழுந்து வரும்.

இங்கத்திய வீடுகளின் ருசியே உள்ளூர்ப் பேய்களில்தான். அமெரிக்கத் தொடர் வீடுகள் பெரிய செலவில் கட்டப்பட்டிருக்கும், ஆனால் அடிவயிற்றைத் தொடாது. 2024இல் ஒரு வீடு முழுக்க ஹெச்டிபி புளோக்கை, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பை, மையமாக வைத்திருந்தார்கள். வாசல் கம்பிக் கதவு, நடைபாதை, லிஃப்ட் என்று நாம் தினமும் நடக்கிற இடம். பிறகு ஒரு மாதம், இரவில் குப்பை போடப் போவதற்கு வீட்டில் யாரும் முன்வருவதில்லை என்று பலர் சொல்லக் கேட்டேன். மலாய்க்காரர்களின் பெண்பேயான பொந்தியானாக்கும் இங்கே வீடாகியிருக்கிறாள். நம்மூரில் மல்லிகை வாசம் அடித்தால் மோகினி என்பதுபோல, ஃபிராங்கிபானிப் பூவாசம் வந்தால் பொந்தியானாக் என்பது இந்த ஊர்ப் பேச்சு. அது தெரிந்த ஆளுக்கும் தெரியாத ஆளுக்கும் ஒரே அறை ஒரே மாதிரி பயமாக இருக்காது. அதனால் போவதற்கு முன், எந்த வீடு எந்தக் கதை என்று ஐந்து நிமிடம் படித்துவிட்டுப் போங்கள்.

இடைவெளி முக்கியம். கூட்ட இரவில் ரயில் பெட்டி மாதிரி வரிசை முடிவில்லாமல் உள்ளே போகும். முன்னால் போகிறவருக்குப் பேய் பாய்வது உங்களுக்கே தெரிந்துவிடும். உங்கள் முறை வரும்போது அது மறுபடி ஒளியப் போய்க்கொண்டிருக்கும். வாசலில் ஆட்களைப் பிரித்து விடும் இடத்தில், முன்னால் இருக்கும் பெரிய கூட்டம் போகட்டும் என்று ஒரு நொடி தாமதியுங்கள். உள்ளே நின்று தாமதிக்க முடியாது, டார்ச் வைத்திருக்கும் ஊழியர் "நடங்க, நடங்க" என்று தள்ளிக்கொண்டே இருப்பார்.

என் மைத்துனன் முதல் வீட்டு வாசலில், "அத்தான், நான் எங்க ஊர் சுடுகாட்டு மேட்டுல படுத்துத் தூங்குனவன்" என்றான். "சரி மாப்ள, அப்ப நீயே முன்னால போ" என்று விட்டோம். இரண்டாவது அறையில் ஒரு மூலையில் சமையலறை. அடுப்பருகே திரும்பி நின்றுகொண்டிருந்த ஒரு கிழவி. அவள் எதுவும் செய்யவில்லை. திரும்பக்கூட இல்லை. முனகிக்கொண்டு கரண்டியால் சட்டியைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள். அவன் அவளையே பார்த்தபடி சுவரோடு ஒட்டிப் போனான். ஒட்டிய சுவர் திறந்தது. அடுத்து நான் கேட்டது என் சட்டைக் காலர் பொத்தான் தெறித்த சத்தம். வெளியே வந்தபிறகும் காலரை விடவில்லை. "என்ன மாப்ள, சுடுகாடு?" என்றேன். "அங்க யாரும் சட்டியச் சுரண்டல அத்தான்" என்றான்.

உண்மையிலேயே முடியவில்லை என்றால் கையைத் தூக்கி ஊழியரைக் கூப்பிடுங்கள், பக்கவாசல் வழியாக வெளியே விடுவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

10. மழை வந்தால்

அக்டோபரில் சாயங்கால இடிமழை இந்த ஊரில் சாதாரணம். மின்னல் அடித்தால் திறந்தவெளி ரைடும் ஸ்கேர் ஸோனும் நிற்கும். நனைந்த சாயத்தோடு பேய்களும் ஓரம் போய்விடும். வீடுகள் நடக்கும். மழைக்காக டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஆனால் மழை விட்ட அடுத்த அரைமணி நேரம் தங்கம்: பாதிப் பேர் கடைகளுக்குள் ஒதுங்கியிருப்பார்கள், வரிசைகள் சுருங்கியிருக்கும். மடிக்கிற ரெயின்கோட் ஒன்று பையில் இருந்தால் அந்த அரைமணி நேரம் உங்களுடையது. குடை வேண்டாம், வீட்டுக்குள் தொல்லை.

11. திரும்பி வருவதை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

செந்தோசா எக்ஸ்பிரஸ் நள்ளிரவு 12 வரைதான். ஹார்பர்ஃபிரண்டிலிருந்து கடைசி எம்ஆர்டியும் நள்ளிரவையொட்டிப் போய்விடும், வட்டப் பாதை அதற்கும் முன்பே. ரயில்தான் என்றால் பதினொன்றே காலுக்குப் பார்க் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். கடைசி ரயில் நேரத்தை உங்கள் நிலையத்துக்கு மாறுகிற இடம்வரை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஹார்பர்ஃபிரண்டில் ஏறிவிட்டு நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

கடைசிவரை இருப்பதாக இருந்தால் டாக்ஸிக் காசை முதலிலேயே ஒதுக்குங்கள். நள்ளிரவுக்கு மேல் மீட்டர் டாக்ஸியில் கட்டணத்தோடு பாதி கூடும். ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்து கிராப் செயலியில் வண்டி தேடும்போது விலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டாக்ஸி நிலைய வரிசை, உள்ளே பார்த்த எந்த வரிசைக்கும் குறைந்ததில்லை.

இதற்கு ஒரு வழி: போர்டுவாக் வழியாக விவோசிட்டிக்கு நடந்து வந்துவிட்டு, அங்கிருந்து வண்டி பிடிப்பது. தீவுக்குள்ளிருந்து கூப்பிடுவதைவிடச் சீக்கிரம் கிடைக்கும், விலையும் குறையும். இரவில் அந்தப் பாதையில் காற்று நன்றாக இருக்கும், விளக்கும் உண்டு. நாலைந்து பேராகச் சேர்ந்து நடங்கள். பின்னால் யாராவது ரம்பச் சத்தம் மாதிரி வாயால் எழுப்பினால், திரும்பிப் பார்க்காதீர்கள், உங்கள் மைத்துனனாகத்தான் இருக்கும்.